கோட்டூர்புரத்தில் மூன்று வருடக் குடித்தனம்: வாடகைக்கு வீடு பார்ப்போர் கவனத்துக்கு

தியாகராய நகரின் கடைத்தெருவை ஒட்டிப் பதினோரு வருடம் குடியிருந்துவிட்டு, சென்னை கோட்டூர்புரத்துக்கு நாங்கள் வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அங்கே பேருந்து ஹாரன் சத்தத்துக்கும் அசையாமல் உறங்கிய என் மாமியார், இங்கு வந்த முதல் வாரத்தில் வாசல் கதவில் மாட்டிய பைக்குள் பால் பாக்கெட் விழும் ஓசைக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்த அமைதிக்குக் காரணம் இடத்தின் அமைப்புதான். வடக்கே அடையாறு நதி, தெற்கே ஐ.ஐ.டி. வளாகமும் கிண்டி தேசியப் பூங்காவும் இருப்பதால், இப்பகுதியைக் கடந்து செல்லும் வண்டிகள் பெரும்பாலும் காந்தி மண்டபம் சாலையோடு போய்விடுகின்றன. உள்தெருக்களில் முதியவர்கள் கைத்தடியோடு நடுத்தெருவிலேயே நடக்க முடிகிறது. வாடகை முந்தைய வீட்டைப் போல ஒன்றரை மடங்கு. கடைகள் குறைவு என்பதால் காய்கறிக்குப் பக்கத்துப் பகுதியான அடையாறு வரை போய்வருகிறோம்.

கொடுக்கும் வாடகைக்கு ஈடாக எங்கள் வீட்டார் முதலில் சொல்வது அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத்தான். 2010இல் திறக்கப்பட்ட அந்த ஒன்பது தளக் கட்டடத்துக்கு நடந்தே போய்விடலாம். குழந்தைகள் பிரிவின் நடுவே நிற்கும் செயற்கை மரத்தடியில்தான் என் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினாள். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் ஆற்றை மறந்துவிட்டு இங்கே வீடு பார்க்கக் கூடாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது, அடையாறு கரைமீறி இப்பகுதிக்குள் புகுந்தது. எங்களுக்கு முதலில் காட்டப்பட்டது ஒரு தரைத்தள வீடு. புதுப் பெயின்ட் வாசனை மாறாத அந்த வீட்டில் வெள்ளம் வந்ததா என்று கேட்டதற்கு, "வாசல்படியைக்கூடத் தொடவில்லை" என்றார் தரகர். வெளியே வந்தபோது, எதிரே வண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, மதில்சுவரின் பின்பக்கம் பெயின்ட் படாத இடத்தில் இருந்த பழுப்புக் கறையைக் காட்டினார். அது என் மார்பளவு உயரத்தில் இருந்தது. முன்பணம் கொடுப்பதற்குள் அவர் செய்த அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

எனவே இங்கு வருவோர் முதல் மாடிக்குக் கீழே பார்க்க வேண்டாம். மின்மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி தெருமட்டத்துக்கு மேலே கட்டப்பட்டிருக்கிறதா, மின்சாரம் நின்றால் மோட்டார் எதில் ஓடும் என்பவற்றை நேரில் பார்த்தே முடிவு செய்யுங்கள். நாங்கள் எடுத்த இரண்டாம் மாடி வீட்டின் உரிமையாளர், அந்த வெள்ளத்துக்குப் பிறகு மீட்டர்கள் அனைத்தையும் முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு ஏற்றிவிட்டார். கேட்காமலே அதை அவர் காட்டியதால்தான் அன்றே சம்மதித்தோம். இந்தத் தை மாதம் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடியும் பதினோரு மாதத்துக்கு எழுதச் சொல்லிவிட்டோம்.