தூரத்துக் குரலை அங்கேயே பதிவு செய்வது: டர்பனிலிருந்து மூன்று வருட பாட்காஸ்ட் அனுபவம்

முதல் பதிவில் பேசியவர் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஒரு ஆயா, அதாவது பாட்டி. அவருடைய தாத்தா எந்தக் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று சொல்லும் இடத்தில் குரல் தண்ணீருக்குள் போனதுபோல் கரைந்துவிட்டது. பத்துத் தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன், பெயர் பிடிபடவில்லை. அடுத்த வாரம் போன் செய்து கேட்டதும் பெயரைச் சொன்னார். ஆனால் முதல் தடவை அந்தப் பெயரோடு சேர்ந்து வந்த கதை திரும்ப வரவில்லை. அந்த இழப்பு இன்னும் மனசில் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வருடமாக நான் செய்த மாற்றங்களெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கின.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு முதல் கப்பலான ட்ரூரோ டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அந்தக் கப்பலிலும், 1911 வரை வந்த மற்றக் கப்பல்களிலும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகளின் தமிழைப் பதிவு செய்கிறேன். பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். இவர்களைத் தவிர மொரீஷியஸ், யாங்கோன் தமிழர்களும் பேசுகிறார்கள். யாரும் ஸ்டூடியோவுக்கு வரக்கூடிய நிலையில் இல்லை. ஆகவே எல்லாமே கம்ப்யூட்டர் வழியாகத்தான்.

மைக் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமும் ஒரே மைக்தான்: சாம்சன் கியூ2யூ. டைனமிக் வகை, யுஎஸ்பி கேபிளை லேப்டாப்பில் நேராகச் செருகலாம், ஒலிக் கருவிகளில் செருகும் எக்ஸ்எல்ஆர் இணைப்பும் உண்டு. சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிரஷர் குக்கர் வரை எல்லாவற்றையும் எடுத்தது. டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் அறையின் சத்தம் பின்னால் போய்விடுகிறது. ஹெட்போனை மைக்கின் அடியிலேயே செருகலாம் என்பது இன்னொரு வசதி. புளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் கேட்கும் ஒலியும் பழைய தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும்.

மைக்கைவிட எனக்கு அதிகம் வேலை வைத்தது லேப்டாப்புக்குள் ஒலி போகும் வழிதான். முதல் ஒன்றரை வருடம் வாய்ஸ்மீட்டர் பனானா என்ற மென்பொருள் மிக்ஸரைப் பயன்படுத்தினேன். இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: விருந்தினரின் குரல் என் ஹெட்போனுக்கும் பதிவுக்கும் போக வேண்டும், அவருக்கே திரும்பிப் போகக் கூடாது. என் மைக் வரிசையில் பி1 பொத்தான் எரிய வேண்டும். அது அழைப்புக்குப் போகும் வழி. விருந்தினர் வரிசையில் ஏ1 மட்டும் எரிய வேண்டும், அது என் ஹெட்போன். அங்கேயும் பி1 எரிந்தால் அவர் பேசுவது அரை நொடி கழித்து அவர் காதிலேயே விழும். வயதானவர்கள் உடனே பேச்சை நிறுத்திவிடுவார்கள். தங்கள் மேல்தான் தவறு என்று நினைத்து மன்னிப்புக் கேட்பார்கள். அதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

விண்டோஸில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். சவுண்ட் அமைப்புகளில் மைக், ஹெட்போன், மிக்ஸர் எல்லாவற்றின் மாதிரி வீதத்தையும் (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பது) 48,000 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஒன்று 44,100, இன்னொன்று 48,000 என்று இருந்ததால் என் ஒரு பதிவு முழுக்கப் படபடவென்று பொரியும் சத்தமாகப் போயிற்று. அப்புறம் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்தில் ‘டூ நத்திங்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அழைப்பு வந்ததும் விண்டோஸ் மற்ற ஒலிகளைத் தானாகக் குறைத்துவிடும்.

சரி, இவ்வளவும் சரியாக இருந்தும் ஆயாவின் குரல் கரைந்தது ஏன்? நான் பதிவு செய்தது அவர் பேசியதை அல்ல, இணையம் கொண்டுவந்து சேர்த்ததை. இணைப்பு தளரும்போது அழைப்புச் செயலி குரலைச் சுருக்குகிறது, விட்டுப்போன இடத்தைத் தானாக நிரப்புகிறது. என் பக்கம் எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் இது மாறாது. இணையதளம் வழியாக இரு பக்கமும் தனித்தனியாகப் பதிவு செய்யும் சேவை ஒன்றையும் முயன்றேன். ஒரு மணி நேரப் பேச்சின் கடைசி இருபது நிமிடம் பதிவேறவில்லை. இளைஞர்களோடு பேச அது போதுமாக இருக்கலாம். ஒரு தடவைதான் சொல்வேன் என்கிற தாத்தாக்களிடம் அந்த அபாயத்தை எடுக்க எனக்கு மனசில்லை.

இப்போது செய்வது இதுதான். விருந்தினர் வீட்டில் இரண்டு போன். ஒன்றில் வாட்ஸ்அப் அழைப்பு, வயருள்ள இயர்போனோடு. இன்னொன்று, பெரும்பாலும் பேரனுடையது, ஏரோபிளேன் மோடில், மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். அதில் போனோடு வரும் சாதாரண வாய்ஸ் ரெக்கார்டர் ஓடும். ஒரே போனில் இரண்டையும் செய்ய முடியாது. அழைப்பு நடக்கும்போது ஆண்ட்ராய்டு மற்ற செயலிகளுக்கு மைக்கைக் கொடுப்பதில்லை, பதிவு வெறுமையாக இருக்கும். ஏரோபிளேன் மோடை மறந்ததால் ஒரு தடவை யாரோ போன் செய்து பதிவு பாதியில் நின்றது. இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்கிறேன். சுருக்காத வேவ் கோப்பு வேண்டாம். 16 பிட், 48,000 ஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 345 எம்பி ஆகும். சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்4ஏ கோப்பு என்றால் 58 எம்பிக்குள் முடியும். டேட்டா செலவு அவர்களுடையது, அதை நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் பக்கம் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மைக்கை நேராகப் பதிவு செய்கிறேன். அழைப்பின் ஒலியை லேப்டாப் பக்கத்தில் இன்னொரு சிறு ரெக்கார்டர் வழிகாட்டியாக எடுத்துக்கொள்கிறது. பேரனின் போனில் பதிவு தொடங்கியதும் மூன்று தடவை கை தட்டச் சொல்வேன். ஒலி அலையின் படத்தில் கூராகத் தெரியும் அந்த மூன்று முனைகளை வழிகாட்டியில் தேடிப் பொருத்தினால் இரண்டும் சேர்ந்துவிடும். ஆனால் போனின் கடிகாரமும் லேப்டாப்பின் கடிகாரமும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். அவர் சிரிக்கும் முன்பே நான் சிரித்ததுபோல் கேட்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை, இருவரும் மௌனமாக இருக்கும் இடத்தில் வெட்டி நகர்த்திச் சரிசெய்கிறேன். மாலை முழுக்க ஆகிற வேலை, ஆனால் கேட்கிறவருக்கு ஒரே அறையில் இருவர் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. முடிவில் சத்த அளவை -16 எல்யுஎஃப்எஸ்-க்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவீடு) கொண்டுவருகிறேன், பாட்காஸ்டுகளுக்கு ஆப்பிள் பரிந்துரைக்கும் அளவு அது.

இன்னொரு ஆதாயமும் கிடைத்தது. அழைப்புச் செயலிகளின் இரைச்சல் நீக்கி, நீட்டிப் பாடும் குரலை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டும். மொரீஷியஸிலிருந்து ஒரு அம்மா காவடிப் பாட்டுப் பாடியபோது என் காதில் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. போன் கோப்பைத் திறந்ததும் முழுப் பாட்டும் மூச்சு வாங்கும் இடம் உட்பட இருந்தது. மிக்ஸர் மென்பொருளை இப்போது ஒரே ஒரு வேலைக்குத்தான் திறக்கிறேன்: பழைய ஒலிப்பதிவு எதையாவது விருந்தினருக்குப் போட்டுக்காட்டி, அதைப் பற்றிக் கேட்க.

நேரத்தையும் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குத்தான் வைக்கிறேன். அப்போது மொரீஷியஸில் பத்து, யாங்கோனில் பன்னிரண்டரை. அதற்கு முன்னால் ஹடீடா பறவைகள் கூரை மேல் கத்தும், சாயங்காலமும் அப்படித்தான். 2023இல் லோட் ஷெடிங் கடுமையாக இருந்தபோது ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினேன். மைக் லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், பேட்டரியில் இரண்டு மணி நேரம் தடையில்லாமல் ஓடியது. இப்போது மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் யுபிஎஸ்ஸைக் கழற்றவில்லை. துணி அலமாரியைத் திறந்து வைத்து, புடவைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசுகிறேன். சுவரின் எதிரொலி அதிலேயே அடங்கிவிடுகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆயாவோடு மறுபடி பேசப்போகிறேன். பேரனிடம் இரண்டாவது போனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். தோட்டத்தின் பெயரிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.