விசா அசல்தான், ஆனால் அது வேலை விசா இல்லை

துபாய் பக்கத்து அஜ்மானுக்கு வேலைக்கென்று போய்த் திரும்பி வந்ததிலிருந்து ஊரில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "விசா டூப்ளிகேட்டா?" என்பதுதான். இல்லை. என்னிடம் இருந்தது அசல் டூரிஸ்ட் விசா. அசலாக இருந்ததால்தான் ஏமாந்தேன்.

எனக்குப் பேரணாம்பட்டு. ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்து வந்தேன். பத்தாவது பாஸ் பண்ணாததால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும். என் போன்றவர்கள் துபாய் இருக்கும் அமீரகம், சவுதி, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் முன்கூட்டியே குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி ஆபீஸ். அஜ்மானில் குடோன் வேலை, மாதம் 1,500 திர்ஹாம், ரூமும் சாப்பாடும் இலவசம் என்றார்கள். கேட்ட பணம் 1,20,000 ரூபாய். அம்மாவின் தாலிச் சரடு தவிர மற்ற நகை எல்லாம் அடமானத்துக்குப் போனது. விசாவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வெப்சைட்டில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அதோடு நம்பிவிட்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் அந்த ஆபீஸ் ஏஜென்ட் போன் பண்ணி, "ஏர்போர்ட்டுல கேட்டா வேலைக்குப் போறேன்னு சொல்லாதப்பா. மாமா வீட்டுக்குப் போறேன், சுத்திப் பாத்துட்டு வந்துடுவேன்னு சொல்லு. அங்க போனதும் கம்பெனி விசா மாத்திக்கலாம்" என்றார். கையில் ரிட்டர்ன் டிக்கெட் வேறு. அந்த நிமிஷமே நான் நின்றிருக்க வேண்டும். நகை அடமானத்தில் இருக்கும்போது யாருக்கு நிற்கத் தோன்றும், சொல்லுங்கள்.

அங்கே ஒரே ரூமில் 14 பேர். கம்பெனி என்று ஒன்றும் இல்லை, தினக்கூலிக்கு ஆள் அனுப்பும் ஒருவர்தான் இருந்தார். வேலை இருந்தால் 60 திர்ஹாம், இல்லாவிட்டால் பட்டினி. அதிகாரிகள் சோதனைக்கு வருவதாகத் தகவல் வந்தால் எங்களைப் பின்பக்க வாசல் வழியாக வெளியே அனுப்பிவிடுவார்கள். பர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்குக் குறைந்தது 1 லட்சம் திர்ஹாம் அபராதம் என்று 2024-ல் சட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆந்திராக்காரப் பையன் ஒருவன் காலில் பெட்டி விழுந்து எலும்பு முறிந்துபோனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மாட்டிக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் இரவு வரை அவனை ரூமிலேயே படுக்க வைத்திருந்தார். அவன் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது. முறையாகக் குடியேற்ற அனுமதி வாங்கிப் போகிறவர்களுக்கு 10 லட்ச ரூபாய் இன்சூரன்ஸ் உண்டு. எங்களுக்கு எதுவும் கிடையாது.

விசா முடிந்து தங்கினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். அது முடிவதற்குள், 57-ஆவது நாள், அதே ரிட்டர்ன் டிக்கெட்டில் தேதி மாற்றி வந்து சேர்ந்தேன்.

ஏஜென்டிடம் பணத்தைக் கேட்டால், "விசா குடுத்தேன், டிக்கெட் குடுத்தேன், அப்புறம் இன்னா?" என்கிறார். ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். வேலை என்ற சொல்லே அதில் இல்லை, 'டூர் பேக்கேஜ்' என்று எழுதியிருந்தது. போலீசில் புகார் கொடுத்தபோது அவர்களும் முதலில் அந்த வரியைத்தான் காட்டினார்கள். நல்லவேளையாக அவருடைய வாய்ஸ் மெசேஜ்களை நான் அழிக்கவில்லை. இதுவரை 25,000 வந்திருக்கிறது.

விசா தாளில் வகை என்ன, ஸ்பான்சர் யார் என்று பாருங்கள். வேலை விசா என்றால் உங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி பெயர் இருக்கும். என்னுடையதில் ஏதோ டூரிசம் கம்பெனி பெயர் இருந்தது. ஏஜென்டுக்கு மத்திய அரசின் லைசென்ஸ் உண்டா என்று அரசின் இமைக்ரேட் (eMigrate) வெப்சைட்டில் பார்க்கலாம். லைசென்ஸ் உள்ளவரே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கிறது. அங்கே விசாரிக்காமல் மாடி ஏறியதுதான் என் தப்பு.

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் விசா வந்துவிட்டதென்று போனை நீட்டினான். ஸ்பான்சர் இடத்தில் அதே டூரிசம் கம்பெனி. அட்வான்ஸாக 40,000 கட்டியிருக்கிறான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் இருவரும் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். அதே ஆபீசில் பணம் கட்டியவர்கள் ரசீதோடு வாருங்கள்.