லினக்ஸில் கேம் ஆட முடியுமா? ஸ்டீம் புரோட்டானுடன் மூன்று மாதம்

என் லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1050. விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன். ஒரே கவலை, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் தள்ளுபடிக்கு வாங்கிக் குவித்த கேம்கள்.

ஸ்டார்டியூ வேலி, ஹாலோ நைட் மாதிரி லினக்ஸுக்கென்றே பதிப்பு உள்ளவை என்னிடம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் டைரக்ட்எக்ஸை நம்பி எழுதியவை. கேம் கிராபிக்ஸ் கார்டிடம் பேசும் மொழி மாதிரி அது, விண்டோஸின் சொத்து. 2025 கடைசியில் ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ்காரர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். அந்த மூன்று பேருக்காகத் தனிப்பதிப்பு செய்து, சோதித்து, வருஷக்கணக்கில் பராமரிக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்?

அந்த இடத்தில்தான் புரோட்டான், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள். ஸ்டீமின் சொந்தக்காரரான வால்வ் 2018-ல் விட்டது, இலவசம். கேம் டைரக்ட்எக்ஸில் கேட்பதை அங்கேயே லினக்ஸுக்கும் புரியும் வல்கன் என்ற மொழிக்கு மாற்றிக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும். முன்பு செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும். இப்போது அதுவும் வேண்டாம், இன்ஸ்டால் கொடுத்தால் போதும். விட்சர் 3-ஐ முதல் தடவை திறந்தபோது வல்கன் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகிறது என்று ஒரு பட்டை ஊர்ந்தது. காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். 61 சதவீதம்! ஆனால் அதற்குப் பிறகு விண்டோஸில் ஓடியதற்கும் இதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு கேமில் (பேர் வேண்டாம்) கதைக் காட்சி வரவேண்டிய இடத்தில் பழைய தூர்தர்ஷன் மாதிரி வண்ணப் பட்டைகள் வந்து நின்றன. வீடியோ கோடெக், அதாவது சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டும் நிரல், அதில் தகராறு. ஜிஇ-புரோட்டான் என்ற தன்னார்வலர் பதிப்பைப் போட்டதும் சரியானது. இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம். மேக் பக்கமும் ஓட வேண்டாம்; 2019-ல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது பழைய 32-பிட் கேம்கள் மொத்தமாகப் போய்ச் சேர்ந்தன.

தனியாக ஆடுபவர்களுக்கு 5-க்கு 4 கொடுப்பேன். ஆன்லைனில் சுடுபவர்களுக்கு 1.

லீவுக்கு வந்த அக்கா பையன் உட்கார்ந்ததுமே, "மாமா, வேலோரன்ட் எங்க?" என்றான்.

"இதுல வராதுடா."

"ஃபோர்ட்நைட்?"

"அதுவும் வராது."

இது கிராபிக்ஸ் பிரச்சினை இல்லை. வேலோரன்டின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸ் பூட் ஆகும்போதே கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போய் உட்காருவது. லினக்ஸில் அதற்கு நாற்காலி கிடையாது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்கள் இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழிவிட்டன, ஆனால் ஒவ்வொரு கேம் நிறுவனமும் தன் பங்குக்குச் சம்மதிக்க வேண்டும். பலர் சம்மதிக்கவில்லை.

பையன் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் ராஜேந்திர சோழன் கதையைப் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், கூடத்தில் இன்னும் யானைப்படை ஓடிக்கொண்டிருந்தது.