பழைய கார் வாங்குவோருக்கான என்.எம்.வி.டி.ஐ.எஸ். அறிக்கை: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் பழைய கார் வாங்க எண்ணும் எவரும், விலை பேச உட்காரும் முன்பே என்.எம்.வி.டி.ஐ.எஸ். (தேசிய மோட்டார் வாகன உரிமைத் தகவல் அமைப்பு) அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1992-ஆம் ஆண்டின் கார் திருட்டுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உருவான இந்தத் தேசியத் தரவுத்தளம், நாட்டின் நீதி அமைச்சகத்தின் மேற்பார்வையில் இயங்குகிறது. 2009 முதல் பொதுமக்களுக்கும் திறந்திருக்கிறது. அரசு நேரடியாக அறிக்கை தருவதில்லை என்பதால், அங்கீகாரம் பெற்ற தனியார் தளம் ஒன்றில் காரின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணைக் கொடுத்துச் சிறு கட்டணம் செலுத்திப் பெற வேண்டும்.

அறிக்கை மிகச் சுருக்கமானது. டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) இப்போது எந்த மாநிலத்தில் உள்ளது, அதன்மேல் இதுவரை விழுந்த முத்திரைகள் (பலத்த சேதம் போன்றவற்றைக் காட்டும் குறிப்புகள்), ஓடோமீட்டர் அளவு, காப்பீட்டு நிறுவனம் காரை முழு இழப்பாக (சீர்செய்வது கட்டுப்படியாகாது என்று) அறிவித்ததா, சேதமடைந்த கார்களை வாங்கும் சால்வேஜ் யார்டுக்குப் போனதா என்பவை மட்டுமே இருக்கும்.

இவற்றில் முத்திரை வரலாற்றுக்காகவே இதற்குப் பணம் கொடுக்கலாம். பலத்த சேதமடைந்த காருக்குச் சால்வேஜ் டைட்டில் வழங்கப்படும் எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது: நியூயார்க்கில் சேதம் காரின் மதிப்பில் 75 சதவீதத்தை எட்டினாலே போதும், டெக்சாஸிலோ பழுதுபார்க்கும் செலவு அந்த மதிப்பையே தாண்ட வேண்டும். சால்வேஜ் டைட்டிலோடு காரைச் சாலையில் ஓட்ட முடியாது. பழுது நீக்கி, உதிரிபாக ரசீதுகளைக் காட்டி, மாநிலம் கேட்கும் சோதனைகளையும் முடித்த பிறகே, சீர்செய்யப்பட்ட கார் என்று காட்டும் ரீபில்ட் முத்திரையுடன் பதிவு செய்ய முடியும். நியூயார்க்கில் நடக்கும் சால்வேஜ் பரிசோதனை திருட்டு உதிரிபாகங்களைக் கண்டுபிடிப்பதற்கானது என்பதால், அதில் தேறிய கார் பாதுகாப்பானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டெக்சாஸில் பழுதுநீக்கத் தகுதியற்றது என்ற டைட்டில் பெற்ற கார் மீண்டும் சாலைக்கே வர முடியாது. அது உதிரிபாகங்களுக்கும் பழைய இரும்புக்கும் மட்டுமே உதவும். இந்த வேறுபாடுகளைப் பயன்படுத்தி, காரை வேறொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்க் களங்கமற்ற டைட்டிலை வாங்கிவிடும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். கையில் தரும் தாளில் மறைந்துபோன முத்திரை இந்தத் தரவுத்தளத்தில் அப்படியே நிற்கிறது. இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் இதுவே.

குறைகளும் சிறியவை அல்ல. முழு இழப்புக் கார்களை மாதந்தோறும் தெரிவிக்கும் கடமை காப்பீட்டு நிறுவனங்களுக்கு நடப்பு மாடல் ஆண்டுக்கும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளுக்கும் மட்டுமே உண்டு. சால்வேஜ் யார்டுகளுக்கு இந்த வயது வரம்பு இல்லை என்றாலும், ஆண்டுக்கு ஐந்துக்கும் குறைவான கார்களைக் கையாளும் யார்டுகளுக்கு விலக்கு உள்ளது. உரிமையாளர் காப்பீடு கோராமல் தன் செலவிலேயே சீர்செய்த கார் இதில் சிக்கவே சிக்காது. பழுதுநீக்க விவரமும் ரீகால் அறிவிப்பும் (குறைபாட்டைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் காரைத் திரும்ப அழைப்பது) கிடையாது, ரீகாலை அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் வின் எண்ணைக் கொண்டு இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவில் 2012 ஜூலை முதல், டீலர்கள் இந்த அறிக்கையைப் பெற்ற பிறகே பழைய காரை விற்பனைக்கு வைக்க முடியும். சால்வேஜ் போன்ற முத்திரை இருந்தால் அதைக் காரிலேயே எச்சரிக்கையாக ஒட்டவும் வேண்டும். தனிநபரிடம் வாங்குபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால், அவர் தாமாகவே அறிக்கையை எடுக்க வேண்டும். அது சுத்தமாக இருந்தாலும், விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரின் சட்டகத்தையும் ஏர்பேக்குகளையும் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.