தர்மபுரி ஸ்கேன் சென்டர்: கேட்டால் பதில் சொல்கிறார்கள்

பாலக்கோட்டிலிருந்து அம்மாவை வயிற்று சிடி ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். "கதிர் பட்டா கேன்சர் வருமாமே தம்பி?" என்று டெக்னீஷியனிடம் நேராகவே கேட்டுவிட்டார். அவர் சிரித்து மழுப்பவில்லை.

"நெஞ்சு எக்ஸ்ரேல படுற கதிர் சுமார் 0.1 மில்லிசீவர்ட் (கதிரை அளக்குற அலகு). இது 8, 10 வரைக்கும் வரும்மா. மண்ணு, வானம், காத்துன்னு மூணு நாலு வருஷத்துல சும்மாவே நம்ம உடம்புல படுற அளவு. கேன்சர் வாய்ப்பு துளி கூடும், இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா டாக்டர் சந்தேகப்படுறதைப் பார்க்காம விடுறதுதான் பெரிய ஆபத்து."

பழைய ஸ்கேன் இருக்கிறதா என்றும் விசாரித்தார். இருந்தால் சில சமயம் மறுபடி எடுக்கவே வேண்டாமாம். பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட யாரும் இதைக் கேட்டதில்லை.

ரிசப்ஷன்தான் சுமார். டோக்கன் கூப்பிடுவது காதிலேயே விழாது, வாசல் பக்கம் உட்காராதீர்கள். ரிப்போர்ட் அன்று மாலையே கைக்கு வந்தது.