பிஎச்பி எரர் மெசேஜ்கள்: 5 முதல் 8 வரை பயன்படுத்திய அனுபவம்

வலைத்தளங்களின் சர்வர் பக்கத்தில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் 8-ஆம் பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. அதற்கு மாறிய பழைய தளங்கள் பலவற்றில் பிழைகள் பதிவாகும் லாக் ஃபைல் திடீரென வீங்கியது. புதிதாக எந்தப் பிழையும் முளைக்கவில்லை. அதுவரை மறைந்து கிடந்தவைதான் வெளியே வந்தன. 8-க்கு முன்பு டிஃபால்ட்டாகவே 'நோட்டீஸ்' எனும் லேசான பிழை வகை காட்டப்படாது. $தொகை என்ற மாறியின் பெயரை ஓரிடத்தில் $தோகை என்று தட்டிவிட்டால், கணக்கில் அதற்கு 0 என்று எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பில்லில் தொகை தப்பாக வரும், லாக்கில் ஒன்றும் இருக்காது. 8-இல் இதே தவறு வார்னிங் ஆனது. பூஜ்யத்தால் வகுத்தால் வார்னிங்கோடு நிற்காமல் எரரே எறியப்படுகிறது. வகைப்பாட்டில் இது மிகச் சரியான முடிவு.

காட்டும் முறையில் அந்த அளவுக்கு நிம்மதி இல்லை. பிழையைத் திரையில் காட்டுவதா என்று தீர்மானிக்கும் டிஸ்ப்ளே_எர்ரர்ஸ் அமைப்பின் உள்ளார்ந்த மதிப்பு இன்னும் 1தான், அதாவது காட்டு. அமைப்புகளை எழுதிவைக்கும் பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைல் இல்லையென்றால் பிழைகள் நேராகப் பயனர் திரைக்கே போகும். மென்பொருளைப் பொதியாகக் கட்டி ஓட்டும் டாக்கரின் அதிகாரபூர்வ பிஎச்பி இமேஜ் (தயார் பொதி) அந்த ஃபைல் இல்லாமல்தான் வருகிறது. புரொடக்‌ஷனுக்கான மாதிரி ஃபைலை நாம்தான் காப்பி செய்து வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் முதலில் அடி வாங்குவது, மற்ற நிரல்களுக்கு ஜேசன் வடிவில் தரவு தரும் ஏபிஐ. ஒரே ஒரு வார்னிங், ஜேசனுக்கு முன்னால் 
 <b> என்று ஹெச்டிஎம்எல்லாக ஒட்டிக்கொள்ளும். முகப்பில் வேலை செய்பவருக்கோ 'ஜேசன் செல்லாது, < எதிர்பார்க்கவில்லை' என்றுதான் பிரவுசர் சொல்லும். அவர் ஜாவாஸ்க்ரிப்ட் பக்கம் தேடிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு புகார் வந்தால் பிரவுசரின் நெட்வொர்க் டேபில் ரெஸ்பான்ஸின் முதல் சில வரிகளைப் பாருங்கள். ஃபைல் பெயரும் வரி எண்ணும் அங்கேயே இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. டிஸ்ப்ளே அணைந்திருக்கும்போது, ரெஸ்பான்ஸின் ஹெடர் போவதற்குள் நிரலையே நிறுத்தும் ஃபேட்டல் எரர் வந்தால் பிஎச்பி 500 (சர்வர் பிழை) என்ற ஸ்டேட்டஸ் கோடை அனுப்பும். டிஸ்ப்ளே ஆனில் இருந்தால் அதே எரருக்கு 200 (எல்லாம் சரி) போகும். ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்க்கும் கண்காணிப்புக் கருவிக்கு, தளம் செத்துக் கிடந்தாலும் எல்லாம் பச்சைதான். லைவ் சர்வரில் டிஸ்ப்ளே ஆஃப், லாக்கில் பதிவிடும் லாக்_எர்ரர்ஸ் ஆன். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மெசேஜின் வாசகம் பொதுவாகத் தெளிவு. என்ன, எந்த ஃபைல், எந்த வரி என்று மூன்றும் வந்துவிடும். மெமரி தீர்ந்த எரர் மட்டும் ஆளைத் திசை திருப்பும். '134217728 பைட் வரம்பு தீர்ந்தது, 20480 பைட் கேட்கப்பட்டது' என்று வரும். முதல் எண் 128 எம்பி வரம்பு. இரண்டாவது கடைசியாகக் கேட்ட சிறு துண்டு. காட்டப்படும் வரியும் அந்தக் கடைசித் துண்டைக் கேட்ட வரிதான், மெமரியைத் தின்ற வரியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவது எண் சிறியதாக இருந்தால் அந்த வரியை விட்டுவிட்டு, அதற்கு முன்பு மொத்த டேபிளையும் அரேயில் ஏற்றிய இடத்தைத் தேடுங்கள். எண் பல எம்பி என்றால் பெரும்பாலும் அந்த வரியேதான் காரணம்.

சொந்தமாக எரர் ஹேண்ட்லர் (பிழை வந்தால் ஓடும் ஃபங்ஷன்) வைத்திருப்பவர்கள் 8-க்கு மாறும்போது ஒரு வரியைத் திருத்தியே ஆக வேண்டும். @ குறி போட்டுப் பிழையை அடக்கிய இடங்களில், எந்த வகைப் பிழைகள் இயங்குகின்றன என்று சொல்லும் எர்ரர்_ரிப்போர்ட்டிங்() முன்பு 0 தரும். இப்போது 4437 தருகிறது. '0-ஆ?' என்று சோதிக்கும் பழைய கோடு, அடக்கிய வார்னிங்கையெல்லாம் கொட்ட ஆரம்பிக்கும். அந்த மதிப்பை எரர் எண்ணோடு & (பிட் அளவிலான AND) போட்டுச் சோதித்தால் இரண்டு பதிப்பிலும் ஓடும். பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச்சில் எக்ஸெப்ஷன் மட்டும் பிடிப்பதும் போதாது. டைப்எரர் போன்றவை பிஎச்பி 7 முதல் 'எரர்' என்ற தனிக் குடும்பம். த்ரோவபிள் என்று போட்டால்தான் இரண்டும் சிக்கும்.

பிழை வந்த வழியைக் காட்டும் ஸ்டாக் ட்ரேஸில் ஃபங்ஷனுக்குக் கொடுத்த மதிப்புகளும் அச்சாகும், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் தோற்றால் பாஸ்வேர்டு உட்பட. 7.4-இல் இதை மறைக்கத் தனி அமைப்பு வந்தது. 8.2-இல் ரகசிய பாராமீட்டரைக் குறிக்க ஒரு ஆட்ரிப்யூட்டும் (கோடில் சேர்க்கும் குறிப்பு) வந்தது. பழைய லாக்குகளில் பாஸ்வேர்டு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் லாக்கை அழிப்பதோடு நிறுத்தாமல் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.