அறுபதில் தலையாட்டிய லொறி: ஒன்பது வருட அனுபவம்

போன கிழமை ஒரு சிநேகிதன் அழைப்பெடுத்தான். "மச்சான், புளியங்குளத்தில உன்ர லொறி மாதிரியே ஒண்டு விலைக்கு நிக்குது. எடுக்கலாமோ?" என்றான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய லொறிக்காரர் சொன்ன விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், இனி இறங்கும் என்று இவன் பொறுத்திருந்தான். இப்போதுதான் ஒருவர் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறாராம். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். நாலு நாளாகிவிட்டது. ஓம் என்று சொல்ல மனமில்லை, இல்லை என்று சொல்ல நியாயமுமில்லை.

லொறியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பதினாலரை அடிப் பெட்டி, ஜப்பான் டீசல் எஞ்சின், பின்னுக்கு இரட்டைச் சில்லு. கண்டி-யாழ்ப்பாண ஏ9 வீதியில் பத்து நிமிடம் நின்றால் நாலைந்து கடந்து போகும். 2016 இல் எடுத்தேன். எஞ்சினைப் பற்றிக் கதைக்க ஒன்றுமே இல்லை. எண்ணெய் மாற்றினேன், ஓடியது. 2022 இல் டீசலுக்கு வரிசையில் கிடந்த மாதங்களில் வேலியோரம் பேசாமல் நின்றது, பிறகு ஒரே திறப்பில் உயிர் வந்தது. கிளிநொச்சி நெல், விசுவமடுக் கச்சான், திரும்பும்போது தம்புள்ளை மரக்கறி, எல்லாம் முகம் சுளிக்காமல் சுமந்தது. புகழ்ச்சி இவ்வளவுதான். மிச்சம் முழுக்க முன் சில்லு.

2023 பங்குனியளவில் தொடங்கியது. மணிக்கு 55 கிலோமீற்றர் வரை லொறி வழுக்கிக்கொண்டு போகும். 58 இல் ஸ்ரேறிங்கில் ஒரு கூச்சம், தும்பியைக் கைக்குள் பொத்திப் பிடித்த மாதிரி. 62 இல் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் பிள்ளையார் இரண்டு பிள்ளையாராகத் தெரிவார். 66 இல் தேநீர்ப் போத்தல் மூடி கிலுகிலுக்கும். 70 ஐத் தாண்டினால் அத்தனையும் அடங்கிவிடும். ஆனால் பாரத்தோடு 70 இல் போக யாருக்கு விசர்? ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் நூல் பிடித்த மாதிரி நேரான வீதி. அதில் நான் 55 இல் ஊர்ந்துகொண்டிருக்க, பின்னால் வரும் யாழ்ப்பாண பஸ் அடிக்கும் ஹோர்னில் என் பரம்பரையே நினைவுகூரப்படும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் கொறிக்கும் இடத்தில் எங்கள் ஆட்கள் எல்லா வாகனத்துக்கும் வைத்தியம் சொல்வார்கள். "கிங் பின் போட்டுது." "ரை றொட் எண்டைப் பார்." "ஸ்ரேறிங் பொக்ஸில விளையாட்டு இருக்கு." ஒருவர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, ஏதும் நேர்த்தி வச்சு மறந்திட்டியோ?" என்றார்.

சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். முன் சில்லு இடம் வலம் திரும்பும் முளைதான் கிங் பின்; அதில் ஒரு சோடியும் புஷ்ஷும் மாற்றினேன். ஆட்டம் போகவில்லை. இரண்டு முன் சில்லையும் இணைக்கும் கம்பியின் முனை, ரை றொட் எண்ட், அதையும் மாற்றினேன். போகவில்லை. ஸ்ரேறிங் பொக்ஸை இறுக்கினார்கள். ஆட்டம் அப்படியே இருக்க, பரந்தன் சந்தியில் திரும்பினால் ஸ்ரேறிங் தானாக நேருக்கு வருவதும் நின்றுபோனது. கையால் இழுத்து நேராக்க வேண்டும். அல்லது அது முன்பே நின்றுவிட்டதோ என்னவோ, அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிருக்காது.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. பிறகு மாங்குளம் பக்கம் ஒரு பாலை மரத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கும் வயதான ஒருவரிடம் போனேன். யுத்தத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்த தலைமுறை. லொறியைத் தொடவே இல்லை. வாங்கில் இருந்தபடியே கேட்டார்.

"ஆட்டம் தானா வருதோ, எதிலையும் இடிச்சாப் பிறகு வருதோ?"

"ரெண்டும்தான் அண்ணை."

"பாரத்தோடயோ, வெறும் லொறியிலயோ?"

விழித்தேன்.

"அப்ப தெரிஞ்சுகொண்டு வா தம்பி. அதுக்குப் பிறகு ஜக் அடிப்பம்."

கோபம் வந்தது. முப்பது கிலோமீற்றர் ஓடி வந்தவனைக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். ஆனாலும் செலவு எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கிழமை எழுதினேன்: எந்த இடம், என்ன வேகம், பாரமா வெறுமையா, எப்படி நின்றது. எழுத எழுதத்தான் விளங்கியது, நான் ஓர் ஆட்டம் என்று நினைத்தது இரண்டு ஆட்டம்.

முதலாவது மெல்லியது. நல்ல தார் வீதியில், ஒன்றிலும் இடிக்காமல், 58 க்கு வந்து 70 க்குப் போகும். பாரம் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டாவது முரட்டு ஆட்டம். பரந்தன்-முல்லைத்தீவு ஏ35 வீதியில் மதகு வரும் இடங்களில் தார் கொஞ்சம் தூக்கி நிற்குமே, அதில் 50 இல் ஏறி இறங்கினால் ஸ்ரேறிங் இரண்டு பக்கமும் அடித்துக் கையைப் பிடுங்கும். காலை எடுத்தாலும் நிற்காது. 20 க்கு இறங்கும் வரை பேய் பிடித்த மாதிரி உதறும். இது வெறும் லொறியில்தான் வந்தது. நெல் மூடை ஏற்றியிருந்த ஒரு நாளிலாவது வரவில்லை. முரட்டு ஆட்டத்தை நான் மெல்லிய ஆட்டத்தின் முற்றிய நிலை என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அதனால் ஒன்றைத் திருத்தியிருந்தால்கூட, மற்றது ஆட, "சரிவரவில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன்.

கொப்பியோடு போனேன். வாசித்தார். முதன்முதலாகச் சிரித்தார். "ரெண்டு வருத்தம். ஒண்டு சில்லில, மற்றது அச்சில."

முதலில் சில்லு. ஜக் அடித்து முன் சில்லைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து உலுப்பினார். மெல்லிய ஆட்டம் ஒன்று இருந்தது. என்னை ஏறி பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி உலுப்பினார். ஆட்டம் காணாமல் போனது. பிரேக் மிதித்ததும் மறைந்தால் சில்லு சுழலும் பெயறிங், மறையாமல் இருந்தால் கிங் பின், இவ்வளவுதான் சோதனை. பெயறிங் நட்டை அரைத் திருப்புக்கும் குறைவாக இறுக்கியதோடு அது முடிந்தது. கழற்றிய பழைய கிங் பின்களை நான் சாக்கில் வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து நகத்தால் வழித்துப் பார்த்துவிட்டு, "இது இன்னும் அஞ்சு வருசம் ஓடியிருக்கும்" என்றார். அந்தக் காசில் இரண்டு புது ரயர் வாங்கியிருக்கலாம் என்று அப்போது என் வயிறு கணக்குப் பார்த்தது.

பிறகு ஒரு செங்கல்லை நிறுத்தி, அதன் மேல் வெண்கட்டியை ரயருக்கு மயிரிழை இடைவெளியில் பிடித்து, சில்லை மெதுவாகச் சுற்றினார். வட்டமான ரயர் என்றால் வெண்கட்டி எங்கும் படாது, அல்லது எங்கும் ஒரே மாதிரிப் படும். வலப்பக்கம் படவில்லை. இடப்பக்க ரயரில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளைக் கோடு. அந்த இடத்தில் ரயர் வீங்கியிருந்தது. பழைய ரயருக்குப் புதுத் தோல் ஒட்டிய றீபில்ட் ரயர், நானே ஆசையாக வாங்கி முன்னுக்குப் போட்டது. சில்லைக் கழற்றினால் ரிம்மின் உட்பக்கத்தில் வயல் களி காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. தட்டியதில் இரண்டு கை நிறைய விழுந்தது. ஒரே பக்கத்தில் மட்டும்.

மகளிடம் கணக்குக் கேட்டேன், சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள். 7.00-16 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.4 மீற்றர் போகும். 60 கிலோமீற்றர் வேகத்தில் விநாடிக்கு ஏழு சுற்று. அந்த வீக்கமும் களியும் விநாடிக்கு ஏழு தரம் ஸ்ரேறிங்கைத் தட்டியிருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த அடி நாலு மடங்காகுமாம். அப்படியென்றால் 70 க்கு மேல் ஏன் அடங்குகிறது என்று அவளை மடக்கப் பார்த்தேன். "ஊஞ்சலைத் தள்ளுற மாதிரி அப்பா, அது ஆடுற கணக்குக்குத் தள்ளினாத்தான் உயரும்" என்றாள். முறிகண்டியில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

ரயரை மாற்றி, களியை வழித்து, ரிம் உட்காரும் இடத்துக் கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நட்டுகளை வட்டமாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கினார். (என்னுடையது மாதிரிப் பழைய ஜப்பான் லொறியில் இடப்பக்க நட்டுகளுக்கு எதிர்ப்புரி. தெரியாத பெடியன் பலம் காட்டினால் நட்டு ஏறும் ஸ்ரட் முறியும். கராஜில் பெடியன் இடப்பக்கம் போனால் நானும் கூடவே போவேன்.) மெல்லிய ஆட்டம் அன்றோடு போனது.

மற்றதற்கு அவர் லொறிக்குக் கீழே படுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "தம்பி, முன் ஸ்பிரிங் எப்ப கழட்டினது?"

கொப்பியைப் புரட்டினேன். 2023 மாசி, அக்கராயன் பக்கம் கிரவல் வீதியில் குழியில் விழுந்து முன் ஸ்பிரிங்கின் தாய்த் தகடு முறிந்தது. அதே அடியில் இடப்பக்க ரயரும் வெடித்தது. ஸ்பிரிங் வேலை ஒரு கராஜில். ரயருக்குப் பதிலாக அந்த றீபில்ட். இரண்டு வருத்தமும் ஒரே இரவில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். கொப்பி ஆசனத்துக்குக் கீழேயே கிடந்தது, நான்தான் திறக்கவில்லை.

ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் ஓர் ஆப்புத் தகடு இருக்கும். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. என் லொறியில் தடித்த பக்கம் பின்னுக்கு இருக்க வேண்டும். அப்போதுதான் கிங் பின்னின் தலை கொஞ்சம் பின்னுக்குச் சாயும், சில்லு தன்பாட்டில் நேர் தேடும். அந்தக் கராஜில் இரண்டு பக்க ஆப்பையும் முன்பின்னாக மாற்றி வைத்துவிட்டார்கள். அவர் சொன்ன உதாரணம் இது: சைக்கிளை முன்னுக்கு ஓடினால் இரண்டு கையும் விடலாம்; அதே சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளிப் பார், ஹாண்டில் மடங்கி விழும். என் லொறி இரண்டு வருடமாகப் பின்னுக்குத் தள்ளிய சைக்கிள். நெல் ஏற்றினால் பின்பக்கம் பதிந்து, முன்பக்கம் நிமிர்ந்து, அந்தச் சாய்வு கொஞ்சம் திரும்பி வரும். அதனால்தான் பாரத்தோடு ஆடவில்லை.

ஆப்பு வைத்துவிட்டான் என்று சும்மா சொல்வோமே, எனக்கு உண்மையிலேயே வைத்திருந்தார்கள். அதற்குக் காசும் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கராஜின் பெயரைக் கேட்காதீர்கள். திட்டத்தான் வேண்டும். ஆனால் அன்று இரவு ஒன்பது மணிக்குக் காலந்தவறிய மழை, பெட்டியில் நெல், படங்குக்கு மேல் தண்ணீர் கட்டி நிற்கிறது. ஒரு பெடியன் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் படுத்து வேலை செய்தான். விடிய லொறி ஓடியது, நெல் நனையவில்லை. அதை நினைத்தால் திட்டு பாதியில் நின்றுவிடும். கிங் பின் செலவை நினைத்தால் மறுபடி தொடங்கும்.

ஆப்பைத் திருப்பி வைக்க இரண்டு மணித்தியாலம் போனது. ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ற் மட்டும் புதிது. 500 கிலோமீற்றர் ஓடிய பிறகு வா, மறுபடி இறுக்க வேண்டும் என்றார், இறுக்கினார். இறுக்கியிருந்த ஸ்ரேறிங் பொக்ஸையும் பழைய நிலைக்கு விட்டார். திரும்பி வரும் வழியில் பரந்தன் சந்தியில் திரும்பிவிட்டுக் கையைத் தளர்த்தினேன். ஸ்ரேறிங் என் விரல்களுக்குள்ளால் வழுக்கி, தானாக நேருக்கு வந்து நின்றது. மகள் பிறந்த செய்தி கேட்டபோதுகூட இப்படிச் சிரித்தேனோ தெரியாது. (வீட்டில் இதை வாசிக்க மாட்டார்கள்.)

அது நடந்து எட்டு மாதம். வெறும் லொறியோடு அந்த மதகுகளில் வேண்டுமென்றே 60 இல் ஏறியிருக்கிறேன். ஒன்றுமில்லை. ஆனாலும் முள் 58 ஐத் தொடும்போது என் கை தானாக இறுகுகிறது. லொறிக்குச் சுகம், எனக்கு இன்னும் இல்லை.

நேற்றிரவு சிநேகிதனுக்குப் பதில் சொன்னேன். வாங்காதே என்றேன். "நல்ல லொறி எண்டுதானே இவ்வளவு நேரமும் சொன்னனீ?" நல்ல லொறிதான். ஆனால் இந்த வயது லொறியில் நீ வாங்குவது லொறியை மட்டுமில்லை, இதுவரை அதற்குக் கீழே படுத்த அத்தனை பேரின் கைவேலையையும் சேர்த்து. என்னிடம் கொப்பி இருந்தது. புளியங்குளத்துக்காரரிடம் என்ன இருக்கிறது?

"அப்ப உன்ர லொறியைத் தாவன்?"

தரமாட்டேன் என்றேன்.

சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கிறோம். பாரம் ஏற்றாமல் வெறுமையாக நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மகளின் பெட்டியிலிருந்து ஒரு வெண்கட்டியும் எடுத்து வைத்தாயிற்று.